அப்பா சொன்னதாக அக்கா சொன்னவை

ஒரு பெட்ஷீட்டை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, விறைப்பாக இழுத்து, நடுவில் மடக்கி, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். நாங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு பெட்ஷீட் அப்படி மடிபடும். எட்டு வருஷமாக எனக்கு எதிர்முனை பிடிப்பவள் அலாரம் அக்கா.

துவைக்கிற டிரம்கள் ஓடும் சத்தத்தில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. முனையோடு முனை சேரும் அந்த இரண்டு நொடிதான் எங்களுக்குப் பேச்சு. "நேத்து போன் வந்துச்சு" என்பாள், முனையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்த பெட்ஷீட்டில், "இருமறான்டி." அதற்கும் அடுத்ததில், "மாத்திரை கேட்டா மூணு நாள் ஆகுமாம்." அவள் கதை முழுவதும் எனக்கு இப்படித் துண்டு துண்டாக வந்து சேர்ந்ததுதான். டி.வி.யில் தொடர் பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம்.

அலாரம் என்ற பெயரை வைத்தவள் நான்தான், மறைப்பானேன். அவள் தம்பி சிறையில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் அங்கிருந்து போன் வரும். பத்தே நிமிஷம். எடுக்காவிட்டால் போச்சு. நாம் திரும்ப அடிக்க முடியாது, அடுத்த செவ்வாய் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சலவைக்கூடத்திலோ போன் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். இவள் முகம் துடைக்கும் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். எங்கே எது மணியடித்தாலும் குதிப்பாள். துணி காய்ந்ததும் உலர்த்தும் மிஷின் மணியடித்தால் குதிப்பாள், சரக்கு லிஃப்ட் மணியடித்தால் குதிப்பாள். ஒருமுறை வார்டிலிருந்து வந்த அழுக்குத் துணி வண்டியில் எந்த நோயாளியோ மறந்த கடிகாரம் அடித்ததற்குக் கையிலிருந்த முனையை விட்டுவிட்டு ஓடினாள். புத்தம் புதிதாகத் துவைத்த விரிப்பு ஈரத் தரையில் கிடந்தது.

எண்ணைப் பார்த்து எடுக்கலாமே என்றால், எண் ஒவ்வொரு தடவையும் வேறாக வரும். ஒரு செவ்வாய், எடுத்ததும் எடுக்காததுமாக, "தம்பி, சாப்பிட்டியாடா? இருமல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். மறுமுனையில் ஏதோ கம்பெனிப் பெண். தண்ணீர் சுத்தப்படுத்தும் மிஷின் விற்கக் கூப்பிட்டவள், தனக்கு இருமல் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்.

எங்கள் மேற்பார்வையாளருக்குக் கஞ்சி என்று பெயர். சட்டைக் காலர் அப்படி நிற்கும். சிடுமூஞ்சி. ஆனால் செவ்வாய்க்கிழமை பதினொன்று அடித்ததும் சோப்புத் தூள் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மணிக்குத்தான் வெளியே வருவார். இரண்டு மணி நேரம் சோப்புத் தூளில் என்ன பார்ப்பார் என்று நாங்களும் கேட்டதில்லை.

மாசத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் நேரில் இருபது நிமிஷம் பார்க்கலாம். போக இரண்டரை மணி நேரம் பஸ். ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வர இத்தனை சட்டம் தெரிந்திருக்க வேண்டுமா என்று எனக்கு மலைப்பாக இருக்கும். இரும்புக் கொண்டை ஊசி கூடாது, அதனால் அன்றைக்கு நூலால் கொண்டை கட்டுவாள். உள்ளே கொடுக்கிற பனியனில் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது. புத்தகம் என்றால் கெட்டி அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவள் வீட்டு அலமாரியில் புத்தகம் இல்லாத அட்டைகள் மட்டும் பதினாலு இருக்கின்றன, அவன் வந்ததும் ஒட்டுவாளாம். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, ஒருத்தர் படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போடுவாள், நடுவில் ஒன்று தொலைந்தால் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று. நான் சொல்ல வந்த விஷயம் நடந்தபோது நூற்றுப் பதினோராவது கடிதம் போயிருந்தது.

இந்த அலைச்சலிலேயே அவளுக்கு முப்பத்தொன்பது வயசாகிவிட்டது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, தம்பி எங்கே இருக்கிறான் என்ற கேள்வியோடு எழுந்து போனது. "விட்டது தொல்லை. ரெண்டு வீட்டுக்கு எங்கடி ஓடறது" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் பெட்ஷீட்டை உதறிய உதறலில் என் விரல் சுளுக்கிக்கொண்டது.

அம்மா இல்லை. வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா இருபத்திரண்டு வருஷம் ஒரு மின்சாமான் கிடங்கில் காவலாளி. நாணயமான மனிதர். கிடங்கின் சாவிகளில் ஒன்று அவரிடம்தான் இருக்கும், வீட்டில் அவர் கட்டில் தலைமாட்டு ஆணியில் தொங்கும். அவருக்கு வேலையில்லாத ஒரு நாள் தம்பி அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போனான், கூட இரண்டு சிநேகிதர்கள். அன்றைக்கு அங்கே காவலில் இருந்த ஆள் தடுக்க வந்தார், யாரோ தள்ளினார்கள், படியில் விழுந்து அவருக்கு இடுப்பு உடைந்தது. பூட்டு உடையவில்லை. அதனால் முதலில் சந்தேகப்பட்டது அப்பாவைத்தான். கடைசியில் கோர்ட்டில் அப்பாவிடம் சாவியைக் காட்டிக் கேட்டார்கள். "என் சாவிதான். என் மகன்தான் எடுத்தான்" என்றார். ஆறு வருஷம் போட்டார்கள்.

கம்பெனியில் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரே காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்றையிலிருந்து வீட்டில் மேஜை விசிறி ரிப்பேர் பார்க்கிறார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒரு நாளும் போய்ப் பார்த்ததும் இல்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பும்போது எங்கே என்று கேட்க மாட்டார். மழை வரும் போலிருந்தால் குடை மட்டும் வாசல் கதவில் தொங்கும். அவ்வளவுதான் அவர் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி போனைக் காதில் வைத்ததும் கேட்ட முதல் வார்த்தை, "அப்பா?" இவள் என்ன செய்வாள்? "அவருக்கு முட்டி வலிடா. நீ சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றாள். அவன் அழுதானாம். அழுது முடித்து, மிச்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினானாம். அது போதாதா அவளுக்கு? அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்பா ஏதாவது சொல்லியனுப்ப ஆரம்பித்தார்.

அந்த அப்பா அருமையான அப்பா. நிஜ அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், இவர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடி என்பார். காலையில் படுக்கையை மடித்து வை, நாள் ஒழுங்காகப் போகும் என்பார். உள்ளே மோட்டார் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், "சேர்ந்துக்கோ, வெளிய வந்ததும் ரெண்டு பேருமா ஃபேன் கடை போடலாம்" என்றார். சண்டை சச்சரவு என்று இருந்தவன் உடனே போய்ச் சேர்ந்துவிட்டான். நிஜ அப்பாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

எனக்கும் அந்த அப்பாவைப் பிடித்துப்போனது. முனைகள் சேரும்போது, "இந்த வாரம் அப்பா என்னக்கா சொல்லப்போறாரு?" என்று நானே எடுத்துக்கொடுப்பேன். சைக்கிள் கதை என் யோசனைதான். சின்ன வயசில் அப்பா பிரேக் இல்லாத சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கினார் என்று நூற்றுப் பதினோராவது கடிதத்தில் எழுதினாள். பாதியில் பக்கம் தீர்ந்துபோனதால், மீதியை அப்பா அப்புறம் சொல்லுவார் என்று முடித்துவிட்டாள்.

இத்தனை பேசுகிற மனுஷன் நேரில் வராமலே இருந்தால் சந்தேகம் வராதா? முட்டி வலி இரண்டு வருஷம் தாங்கியது. அதன் பிறகு அவன், "ஆட்டோ வச்சாவது கூட்டிட்டு வாக்கா" என்று நச்சரிக்க ஆரம்பித்தான். அந்தச் சமயம் பார்த்துப் பார்வையாளர் கூடத்தில் கூரை ஒழுகுகிறது என்று பாதியை மூடினார்கள். ரிப்பேர் முடியும்வரை ஒரு கைதிக்கு ஒரே ஒரு பெயர்தான் பட்டியலில் இருக்கலாம் என்று புது விதி வந்தது. பெயரை மாற்ற வேண்டுமென்றால் கைதிதான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை மாற்றினால் மூன்று மாசத்துக்கு அந்தப் பெயர்தான். அக்காவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. எனக்கும் புரிந்துவிட்டது.

"பேசாம இதையே சொல்லிடுக்கா," என்றேன் நான். "அப்பாவுக்கு வரணும்னு உசிரு, பேர் எழுதத்தான் இடமில்லைன்னு சொல்லு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளும் அதையே சொன்னாள், அவனும் நம்பினான். ஏழெட்டு மாசம் ஓடியது. அப்பாவுக்கு இடம் கொடுக்கத் தன் அக்கா பெயரையே அவன் அடிப்பான் என்று எங்கள் இரண்டு மண்டைக்கும் தோன்றவே இல்லை.

அந்த முதல் ஞாயிறு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று சன்னலுக்குப் போனால், "உங்க பேர் இல்லையே" என்றிருக்கிறார் அங்கே இருந்தவர். நல்லா பாருங்க சார் என்று இவள் கெஞ்ச, அவர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர்மேல் ஒரு கோடு. பக்கத்தில் அப்பா பெயர், தம்பி கையெழுத்தில். அவன் உள்ளே போன புதிதில் குடும்பத்தார் எல்லாருடைய அடையாள அட்டை நகலும் கொடுத்து வைத்திருந்தாள், அதுவே இப்போது வினையாக முடிந்தது. பனியன் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை ஒரு பெட்ஷீட்டில், "என் பேரை அடிச்சிட்டான்டி" என்றாள். அடுத்ததில், "அப்பா பேரைப் போட்டிருக்கான்." அன்றைக்கு முழுக்க மூலைக்கு மூலை சேராமல் மடித்து, கஞ்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

செவ்வாய் பதினொன்று இருபதுக்கு போன் வந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துணி வண்டிகள் நிற்கும் மூலைக்கு ஓடினாள். இரண்டு பேர் காதும் அதில்தான்.

"அக்கா, கோச்சுக்கிட்டியா?" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "முன்னாடியே சொல்லியிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப. அப்பாவுக்கு மூணு மாசம் கொடுத்துடலாம்க்கா. நீதான் என்னைப் பாத்துட்டே இருக்கியே. அவரு எத்தனை நாளா கேக்கறாரு, பாவம்."

"ஆமாடா" என்றாள் அக்கா.

"மூணாவது ஞாயிறு கூட்டிட்டு வந்து கேட்ல விட்டுடு, போதும். மோட்டார் கிளாஸ்ல பாஸ் பண்ணிட்டேன். சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. யாருக்கும் காட்டலை. அப்பாதான் முதல்ல பாக்கணும்."

இப்போது சொல்லிவிடு என்று நான் அவள் கையைக் கிள்ளினேன். சொல்லாதே என்றும் கிள்ளியிருப்பேன், எனக்கே தெரியவில்லை. அந்தப் பேச்சை யாரோ ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருப்பார், பத்து நிமிஷம் ஆனால் தானாகவே வெட்டிவிடும். அப்பா உன் பெயரையே எடுப்பதில்லை என்பதை அதற்குள் எப்படிச் சொல்வது? "சரிடா, கூட்டிட்டு வர்றேன்" என்றாள். வைத்ததும் துணி வண்டிமேல் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "பன்னண்டு நாள் இருக்கு" என்றாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அலைந்தாள். வீட்டில் வாயைத் திறக்கப் போவாளாம், அப்பா ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவாராம், இவள் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாளாம். முனைகள் சேரும்போதெல்லாம், "நேத்தும் சொல்லலைடி." தூக்கம் இல்லை. போன் அடித்தால்கூடக் குதிக்க மறந்துபோனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள்மேலா என்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் என் வீட்டு மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். கேட்டால் ஓடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது.

ஒற்றை அறை, ஒட்டினாற்போல் சமையலறை. சன்னல் ஓரம் மேஜை, அதன்மேல் யார் யார் வீட்டு விசிறியோ கழற்றிக் கிடந்தது. தலைமாட்டு ஆணி இன்னும் சுவரில் இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. அப்பா என் விசிறியை வாங்கி, முன்பக்கக் கம்பி வலையைக் கழற்றி, இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்தார்.

அக்கா நின்றுகொண்டே ஆரம்பித்தாள். எங்கே மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்பதுபோல் மூன்று வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். முட்டி வலி, தண்ணீர் டம்ளர், ஃபேன் கடை, பட்டியல், அடித்த பெயர், ஞாயிற்றுக்கிழமை. அப்பா இறக்கையைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"யாரைக் கேட்டுச் சொன்ன?" என்றார் கடைசியில்.

"யாரையும் கேக்கலை."

"அவன் என்னைக் கேக்காம சாவிய எடுத்தான். நீ என்னைக் கேக்காம வாயையே எடுத்துட்ட. இந்த வீட்டுல என்னுதுன்னு வேற என்ன மிச்சம் இருக்கு?"

"நீங்க உபயோகிக்காம வச்சிருந்த வாய்தானேப்பா" என்றாள் அக்கா.

நான் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அப்பா நிமிர்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் ஏறவே இல்லை.

"என் சாவிதான்னு கோர்ட்ல சொன்னது இந்த வாய்தான். இதே வாயோட போய், எப்படிடா இருக்கன்னு கேக்கச் சொல்றியா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

மூன்று வருஷமாக அவர் கோபத்தில் இருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போகலைன்னா இருபது நிமிஷமும் காலி நாற்காலியைப் பாத்துட்டு உக்காந்திருப்பான்பா. கையில சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு. அப்புறம் மூணு மாசத்துக்கு என்னையும் விடமாட்டாங்க. நான் சொன்னதெல்லாம் பொய்னு அவனுக்குப் புரிஞ்சிடும். அந்தப் பொய்யிலதான்பா அவன் எழுந்து நிக்கறான். கோபமா ரெண்டு வார்த்தை திட்டிட்டு வாங்க, பரவாயில்லை. போங்க, போதும்."

அப்பா ஒரு துணியை எடுத்து இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வலையை மாட்டி, பிளக்கைச் செருகினார். விசிறி நன்றாக ஓடியது.

"தூசிதான்மா. துடைச்சாலே போதும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, "ஒண்ணும் சொல்லலை." சனிக்கிழமை காலை, "ஒண்ணும் சொல்லலைடி." சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்குப் போனவள் அரை மணியில் எனக்கு போன் செய்தாள். மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அப்பா முகத்தைப் பார்க்காமல், "அங்க பெல்ட் விடுவாங்களா?" என்று கேட்டாராம். "விடமாட்டாங்கப்பா, இரும்புக் கொக்கி இருக்குல்ல" என்றாளாம். "அப்ப இந்தக் கால்சட்டை இடுப்புல நிக்காதே" என்று சொல்லிவிட்டு, ஊசி நூல் எடுத்து அவரே இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"நீயும் வாடி நாளைக்கு. வெளிய தனியா நின்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள்.

போகும்போது இரண்டரை மணி நேரமும் அப்பா பேசவில்லை. சிறை வாசலில் அக்கா அவரிடம் கையிலிருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். கைக்கடிகாரம், குடை, மூக்குக் கண்ணாடிக் கூடு. கடைசியாக வீட்டுச் சாவி. அதைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார். "வரிசையில நின்னுட்டே இருங்க. சன்னல்ல பேர் சொல்லுங்க. போனை எடுத்ததும் உடனே பேசாதீங்க, ஒரு நொடி கழிச்சுத்தான் அவனுக்குக் கேக்கும்" என்று அக்கா சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். காவலர் கையை நீட்டித் தடுத்ததும்தான் நின்றாள்.

எத்தனையோ ஞாயிறு அந்த வாசலுக்குள் போய் வந்தவளுக்கு வெளியே நிற்கத் தெரியவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை. டீ வாங்கினோம், அவள் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள், பாதி சிந்தியது. வெளியே வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தாள். "இந்தம்மா அவருக்கு ரெண்டு ஆள் முன்னாடி நின்னாங்க. இவங்களே வந்துட்டாங்க, அவரைக் காணோம். சண்டையா இருக்குமோ? பேர்ல எழுத்து ஏதாவது தப்பா இருந்து திருப்பி அனுப்பிட்டாங்களோ?" திருப்பி அனுப்பினால் இந்த வழியாகத்தானே வரணும் என்றேன். "ஆமால்ல" என்றாள், அடுத்த நிமிஷம் மறுபடி அதையே கேட்டாள். அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, என் கையில் திணித்துவிட்டு, கண்ணை வாசலிலேயே வைத்திருந்தாள். யாருடைய போனுக்கு இந்த மூன்று வருஷமும் குதித்தாளோ அவன் அந்தச் சுவருக்குள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அதனால் அன்றைக்கு எந்த மணியும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

அப்பா வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடிகாரத்தையும் குடையையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். அக்கா கேட்கப் போனாள், நான் கண்ணைக் காட்டினேன். பஸ் ஏறி, மூன்று பேர் இருக்கையில் அவர் சன்னலோரம் உட்கார்ந்து, ஊர் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இளைச்சிருக்கான்" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் அக்கா.

"சர்டிபிகேட்டைக் கண்ணாடியில ஒட்டி வச்சுக் காமிச்சான். மோட்டார்ல கம்பி சுத்தறது நல்லாப் படிச்சிருக்கான். நான் சொல்லித்தான் சேர்ந்தானாம்." மறுபடி சன்னலுக்கு வெளியே பார்த்தார். "கோர்ட்டைப் பத்தி அவன் கேக்கலை. நானும் எடுக்கலை. சைக்கிள் கதையில மீதி என்னன்னு கேட்டான்."

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது" என்றார் அப்பா.

"என்னப்பா சொன்னீங்க?"

"மேட்டுலேர்ந்து நேரா வந்து ஒரு வைக்கோல் போர்ல முட்டினேன்னு சொன்னேன். எழுந்து உதறிட்டுப் பாத்தா ஒரு செருப்பைக் காணோம், இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலைன்னு சொன்னேன். சிரிச்சான். அந்தப் பக்கம் இருந்த போலீஸ்காரர் திரும்பிப் பாக்கற அளவுக்குச் சிரிச்சான்."

சட்டைப் பையிலிருந்து சிறையில் கொடுத்த அனுமதிச் சீட்டை எடுத்தார். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னிடம் பேனா கேட்டார். நான் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த மூணு வருஷத்துல நான் அவன்கிட்ட என்னென்ன சொல்லியிருக்கேன்? முதல்லேர்ந்து ஒண்ணுவிடாம சொல்லு," என்றார் அக்காவிடம். "அடுத்த வாட்டி போய் நான் முழிக்கக் கூடாது."

பதினைந்து நாளாக ஓரிடத்தில் நிற்காத அக்காவின் கைகள் அப்போதுதான் அடங்கி மடியில் கிடந்தன.

"முதல் தடவை..." என்றாள். "அவன் சாப்பிட்டானான்னு கேட்டீங்க."

அப்பா பேனாவைச் சீட்டின் மேல் வைத்தார், எழுதவில்லை.

"அதை எழுத வேணாம். அது நான் தினமும் கேட்டதுதான், உன் காதுல விழலை, அவ்வளவுதான்" என்றார். "அடுத்ததைச் சொல்லு."